தக்காளி போன வருஷம், தூக்கம் போன மாதங்கள்

மாரண்டஹள்ளி பக்கத்திலிருந்து:

ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைத்திருந்தேன். ஷீட் விரித்து, சொட்டுநீர் போட்டு, குச்சி நட்டுக் கயிறு கட்டி, பிள்ளை மாதிரி வளர்த்த செடி. பழம் நன்றாகவே வந்தது. எல்லார் தோட்டத்திலும் வந்ததுதான் வினை. பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போனால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் காணவில்லை. மூன்றாவது பறிப்பை விட்டுவிட்டு மாட்டை அவிழ்த்து உள்ளே விட்டேன்.

நஷ்டம் எங்களுக்குப் பழகினதுதான். அப்புறம் வந்ததுதான் பழகாதது. விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். மண்டியில் வாங்கிய அட்வான்ஸ், நகைக்கடன், பெண்ணுடைய காலேஜ் ஃபீஸ் என்று ஒரே கணக்கு திரும்பத் திரும்ப ஓடும். சோறு இறங்காது. போன் அடித்தால் எடுக்கப் பயம். "ஆம்பள, தைரியமா இருப்பா" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். கேட்கக் கேட்க, ஊரில் எல்லாருக்கும் இருக்கிற தைரியம் எனக்கு மட்டும் இல்லாமல் போய்விட்டதே என்றுதான் நொந்துபோனேன்.

ஒருநாள் கொட்டகைக்குப் போனால் பூச்சி மருந்து டப்பா ஒன்றையும் காணோம். வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"அண்ணன் வீட்டுல வச்சுப் பூட்டியிருக்குது. மருந்தடிக்கிற அன்னிக்கு எடுத்துக்கலாம்."

முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். புடைத்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது. நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனாலும் தெரிந்துவைத்திருக்கிறாள். அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அந்த வாரமே மச்சான் பைக்கில் ஏற்றிக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மனநலப் பிரிவில் அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி. விடியுமுன்னே விழிப்பு, ருசியில்லாமை, எதிலும் ஈடுபாடில்லாமை என்று நான் சொல்லச் சொல்ல, இது மனச்சோர்வு என்கிற நோய், வைத்தியம் இருக்கிறது என்றார். மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக்கூடாது, சரியான பிறகும் 6 மாதமாவது தொடரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். முதல் பத்து நாள் வாந்தி வருகிற மாதிரி இருந்ததே தவிர வேறு மாற்றம் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று இருந்தேன். மச்சான் தினமும் போன் பண்ணி, "போட்டீங்களா மாமா?" என்று கேட்பார், அவ்வளவுதான் பேச்சு. மூன்றாவது வாரம் ஒருநாள் கண் விழித்தால் வெளுத்திருந்தது.

இன்னொன்றும் டாக்டரம்மா சொன்னார். மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருக்காதீங்க, தினம் ஒரு வேலையைச் செய்யுங்க, மனசு பின்னாடியே வரும். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை எடுத்துக்கொண்டேன். கடன் அப்படியேதான் இருக்கிறது. மண்டிக்காரரிடம் போய்த் தவணை கேட்கிற தெம்பு வந்திருக்கிறது.

பர்கூரிலிருந்து:

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். என் வீட்டுக்காரர் ஹைவேயில் விபத்தில் போய்ச்சேர்ந்தார். மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்விடுவேன். நாளெல்லாம் பெங்களூரா மாம்பழத்தோடு மல்லுக்கட்டினால் ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரும். சீசன் முடிந்ததும்தான் வீடு என்னைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு நடுராத்திரி 14416-க்கு அடித்தேன். 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் காசில்லாமல் தமிழில் பேசலாம். எடுத்த பெண் முதலில் கேட்டது, "இப்ப உங்ககூட வீட்டுல யாரு இருக்காங்க?" தூங்குகிற மகனைப் பார்த்துக்கொண்டே பேசினேன். புத்தி சொல்லவில்லை, பொறுமையாகக் கேட்டாள். அதுவே போதுமாக இருந்தது.

எங்கள் மகளிர் குழுத் தலைவி அக்காவையும் சொல்லவேண்டும். நான் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கையெழுத்து வாங்க ஒரு நிமிஷம் போதும். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து வெங்காயம் உரித்துவிட்டுத்தான் போவார்.

ஓசூரிலிருந்து:

எங்க அப்பாவுக்கும் இதேபோல 3 மணி விழிப்பு இருக்கு. பென்னாகரம் பக்கம் ஊரில் தனியாக இருக்கார். "எனக்கென்ன பைத்தியமா"ன்னு டாக்டர்கிட்ட வர மறுக்கிறார். என்ன செய்யறதுன்னு தெரியலை.

மாரண்டஹள்ளி பக்கத்திலிருந்து:

தம்பி, நானும் அதே வார்த்தையைச் சொன்னவன்தான். தூக்கம் வராததைப் பற்றி மட்டும் முதலில் பேசுங்க. நீங்களே லீவு போட்டு வந்து கூட்டிப்போங்க, தனியாக அனுப்பாதீங்க. அதுவரைக்கும் தினம் ராத்திரி போன் பண்ணுங்க. செவ்வாய்க்கிழமை நான் மாத்திரை வாங்கத் தருமபுரி போகிறேன். அப்பாவை அன்றைக்கு அழைத்து வந்தால் வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.