பழைய காரை ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் கொடுப்பதா, வெளியில் விற்பதா?

கொங்குமணி:
வணக்கம். என்னிடம் இருப்பது 2017 மாடல் ஸ்விஃப்ட் டீசல். ஒரே ஓனர், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, லோன் முடிந்துவிட்டது. ஏழு பேர் உட்காரும் கார் ஒன்று புக் செய்யப் போகிறேன். ஷோரூமில் பழைய வண்டியைப் பார்த்துவிட்டு 4,10,000 என்றார்கள், அதற்கு மேல் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் 4,80,000 தருகிறேன் என்கிறார். வித்தியாசம் 45,000. வீட்டில் எல்லாரும் "ஷோரூமிலேயே கொடுத்துவிடு, தலைவலி இருக்காது" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பாலாற்றங்கரை:
வெளியில் விற்றுவிடுங்கள். 45,000 ரூபாய் சும்மா வரும் காசா? ஷோரூம் ஏன் குறைத்துக் கேட்கிறது என்று பாருங்கள். அவர்கள் அந்த வண்டிக்கு பாலிஷ் போட்டு, டயர் மாற்றி, லாபம் வைத்து விற்க வேண்டும். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து எல்லா வகைப் பழைய காருக்கும் இதுதான் விகிதம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை நீங்கள் இன்னொருவருக்கு விற்றால் அந்த வரி கிடையாது. அவர்கள் செலவையும் வரியையும் உங்கள் வண்டி விலையிலிருந்து ஏன் கழிக்க விடுகிறீர்கள்?

இன்னொன்று. ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் பேச்சையே எடுக்காமல் புதுக் காருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று முதலில் எழுதி வாங்குங்கள். பழைய வண்டிக்கு நல்ல விலை போட்டதுபோல் காட்டிவிட்டு, இந்தப் பக்கம் தள்ளுபடியைக் குறைப்பது சாதாரணமாக நடக்கிறது. கடைசியில் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதுதான் கணக்கு.

நெடுஞ்சாலை:
பாலாற்றங்கரை அண்ணா, நீங்கள் பணத்தை மட்டும் பார்க்கிறீர்கள். என் அப்பா பழைய காரைத் தெரிந்தவர் மூலமாக ஒருவருக்கு விற்றார். பணம் ஒழுங்காக வந்தது. வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. கேட்டால் "அடுத்த வாரம்" என்பார். அதற்குள் வண்டியை வேறு ஒருவருக்கு விற்றும் விட்டார். அப்பா போனுக்குத் தெரியாத ஊர்களிலிருந்து இ-செலான் (போக்குவரத்து அபராத நோட்டீஸ்) வந்துகொண்டே இருந்தது. எழுபது வயதில் அவர் ஆர்டிஓ அலுவலகத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்ததை நான் பார்த்தேன்.

செலானாவது பரவாயில்லை. விபத்து நடந்தால்? நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்று ஒரு வழக்கு. கார் பல முறை கை மாறியிருக்கிறது, 2009-இல் விபத்து. ஆனால் ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) இருந்தது முதல் ஓனர் பெயர்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. வாங்கியவர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் ஓட்டி யார் மேலாவது ஏற்றினால் அந்தத் தொகை நம் தலையில். அதன் முன்னால் 45,000 என்ன பெரிய காசு?

2025 நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறியதுதான். பதிவு எண்ணை வைத்துத் தேடிய போலீஸ் முதலில் பிடித்து விசாரித்தது வண்டியை எப்போதோ விற்றுவிட்ட பழைய ஓனரை.

பாலாற்றங்கரை:
தம்பி, உங்கள் அப்பா பட்ட சிரமம் யாருக்கும் வரக்கூடாது. ஆனால் நீங்கள் சொன்ன அத்தனை ஆபத்தும் ஷோரூமில் கொடுத்தாலும் இருக்கிறது. அங்கே பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29-லும் 30-லும் உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் காலியாக இருக்கும். வண்டி ஒரு புரோக்கரிடம் போகும், அவர் இன்னொருவரிடம் கொடுப்பார். கடைசியாக வாங்குகிறவர் எப்போது அந்தத் தாளை நிரப்பி ஆர்டிஓவில் கொடுக்கிறாரோ அதுவரை ஆர்சியில் உங்கள் பெயர்தான். பக்கத்துத் தெருக்காரர் என்றால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். புரோக்கரை எங்கே தேடுவீர்கள்?

கிண்டிப்பட்டறை:
ஷோரூமில் பழைய கார் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இடையில் வருகிறேன். பாலாற்றங்கரை சொல்வது பெரும்பாலும் நடப்பதுதான். எக்ஸ்சேஞ்சில் வரும் எல்லா வண்டியும் ஷோரூமில் நிற்பதில்லை. மதிப்பீட்டாளர் உங்கள் காரைச் சுற்றிப் போட்டோ எடுப்பார் பாருங்கள், நீங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அந்தப் படங்கள் புரோக்கர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். அங்கே வரும் அதிகபட்ச விலையில் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு உங்களிடம் ஒரு எண்ணைச் சொல்வார்கள்.

ஆனால் 2023 ஏப்ரலிலிருந்து விதி மாறிவிட்டது. பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் ஆர்டிஓவில் அங்கீகாரம் பெற வேண்டும். அப்படி அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது ஃபாரம் 29சி என்று ஒன்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவாகும். அது பதிவானதிலிருந்து அந்த வண்டிக்கும் அதனால் வரும் சம்பவங்களுக்கும் டீலரே பொறுப்பு. ஷோரூமில் கொடுப்பதாக இருந்தால் முதலில் அங்கீகாரச் சான்றிதழைக் கேளுங்கள், பிறகு 29சி கேளுங்கள். வெறும் டெலிவரி நோட்டில் சீல் குத்திக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

விலையிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்று சொல்லும் 4,10,000 இன்றைக்குத்தான். புதுக் கார் வர இரண்டு மாதம் ஆனால் அன்று மறுபடியும் மதிப்பீடு செய்வார்கள். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியபோது புதுக் கார் விலையோடு பழைய வண்டி விலையும் சரிந்தது. முன்பே பேசி வைத்திருந்த பலர் டெலிவரி அன்று குறைந்த தொகைக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

மலர்க்கொடி:
எனக்கு இதில் வேறு கவலை. அம்மாவும் நானும் மட்டும்தான் வீட்டில். இணையத்தில் விளம்பரம் போட்டதும் இரவு பதினொரு மணிக்கெல்லாம் போன். "ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, அட்வான்ஸ் அனுப்புகிறேன்" என்று ஒருவர் க்யூஆர் கோடு அனுப்பினார். அதை ஸ்கேன் செய்தால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும் என்று தெரிந்திருந்ததால் தப்பித்தேன். முகம் தெரியாதவர்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு வருவார்கள், விலை பேசி டோக்கன் கொடுத்துவிட்டுக் காணாமல் போவார்கள். ஷோரூமில் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தேன். பழைய வண்டியில் போய் புது வண்டியில் திரும்பினேன். நடுவில் ஒரு நாள்கூட வண்டி இல்லாமல் இருக்கவில்லை. அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். எனக்கு இதன் மதிப்பு 45,000-க்கும் மேல்.

பாலாற்றங்கரை:
சகோதரி, உங்கள் நிலைமையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கொங்குமணிக்கு ஆள் கையில் இருக்கிறார், விளம்பரமே தேவையில்லை. அவர் 45,000-ஐ விடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நெடுஞ்சாலை:
பக்கத்துத் தெரு என்பதெல்லாம் உத்தரவாதம் இல்லை அண்ணா. அப்பா விற்றதும் தெரிந்தவர் மூலமாகத்தான். 29சி என்று ஒரு பாதுகாப்பு டீலரிடம் கொடுத்தால் கிடைக்கிறது. தனியாருக்கு விற்றால் அவர் கிளம்பிப் போய் பெயர் மாற்றும் வரை எதுவும் இல்லை.

கிண்டிப்பட்டறை:
அவர் கிளம்பும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வண்டி விற்றதை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் விற்பவருக்கே கடமை வைத்திருக்கிறது. வாங்குபவருக்கு 30 நாள். சாவி கொடுப்பதற்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பெயர் மாற்றக் கட்டணத்தை நீங்களே செலுத்தினாலும் நல்லதுதான்.

கொங்குமணி:
அண்ணன்மார்களுக்கும் சகோதரிக்கும் நன்றி. வெளியில் விற்றால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000 போய்விடும் என்றுதான் கணக்குப் போட்டேன். அது சரிதானே?

கிண்டிப்பட்டறை:
எப்போதும் அப்படி இல்லை. போனஸ் கார் கம்பெனி கொடுப்பது. வெளியில் விற்றாலும், புது ஓனர் பெயருக்கு மாறிய ஆர்சி நகலைக் குறிப்பிட்ட நாளுக்குள் கொடுத்தால் போனஸ் தரும் கம்பெனிகள் உண்டு. பழைய வண்டி உங்கள் பெயரிலோ நெருங்கிய குடும்பத்தார் பெயரிலோ இருந்திருக்க வேண்டும். விற்பனையாளர் தானாகச் சொல்லமாட்டார். மேனேஜரிடம் கேட்டு, மெயிலில் பதில் வாங்குங்கள். கிடைத்தால் உங்கள் வித்தியாசம் 45,000 இல்லை, 70,000.

பாலாற்றங்கரை:
அப்புறம் நோ கிளெயிம் போனஸை மறக்காதீர்கள். அது வண்டியோடு போவதில்லை, உங்களுடையது. ஐந்து வருடம் கிளெயிம் இல்லையென்றால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும். விற்ற ஆதாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் புதுக் காரில் சேர்த்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்ச் கொடுத்தாலும் இது உண்டு. ஷோரூமில் இன்சூரன்ஸ் போடும் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

லோன் முடிந்துவிட்டது என்றீர்கள். ஆர்சியில் வங்கியின் ஹைப்போதிகேஷன் (கடனுக்கான அடமானக் குறிப்பு) நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) அடமானத்தை நீக்கும் ஃபாரம் 35-ம் வேண்டும், அது முடியாமல் பெயர் மாறாது. பணத்தை வங்கி மூலமாகவே வாங்குங்கள், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரியில் அபராதம் உண்டு. ஃபாஸ்டேக்கைக் கிழித்துவிட்டு வங்கியில் கணக்கையும் மூடிவிடுங்கள்.

நெடுஞ்சாலை:
70,000 என்றால் நானும் யோசிப்பேன். ஆனாலும் கொங்குமணி, ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். "ஊருக்குப் போய்வந்து மாற்றிக்கொள்கிறேன், இப்போது வண்டியைக் கொடுங்கள்" என்று அவர் சொன்னால், பக்கத்துத் தெருவாக இருந்தாலும் சாவியைக் கொடுக்காமல் ஷோரூமுக்கே ஓட்டிப் போய்விடுங்கள்.