குயிலுக்கு ஏது கூடு? கென் கேசி நாவலில் சில சந்தேகங்கள்

கெடிலக்கரை (கடலூர்):
எம்.ஏ. செமினாருக்காக கென் கேசியின் ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ படித்தேன். 1962இல் வந்த நாவல், மனநல ஆஸ்பத்திரி வார்டில் நடக்கும் கதை. கலக இலக்கியம் என்கிறார்கள். நோயாளியாக வரும் மக்மர்ஃபி சீட்டாடுகிறான், நர்ஸிடம் வம்பிழுக்கிறான், கடைசியில் மூளையில் ஆபரேஷன் செய்து அவனை நடைப்பிணமாக்கிவிடுகிறார்கள். இதில் கலகம் எங்கே ஜெயித்தது? வார்டுக்குள் இறங்கும் அந்த மூடுபனி நிஜமா, குறியீடா? தலைப்பும் புரியவில்லை. குயில் காக்காக் கூட்டில்தானே முட்டையிடும்?

உப்பனாறு:
அமெரிக்கப் பேச்சில் குக்கூ என்றால் கிறுக்கு. கதை சொல்லும் அமெரிக்கப் பழங்குடி நோயாளி ப்ராம்டனுக்கு அவன் பாட்டி சொல்லிக்கொடுத்த விளையாட்டுப் பாட்டில் வரும் வரி அது. (அமெரிக்கக் குயில்கள் பெரும்பாலும் சொந்தக் கூடு கட்டுபவை, அது வேறு கதை.) நர்ஸ் பெயரையும் கவனியுங்கள், ராட்செட். மெக்கானிக் ஷெட்டில் ராட்செட் ஸ்பேனர் பிடித்தவனுக்குத் தெரியும், ஒரு பக்கம்தான் இறுக்கும்.

நைட்டியூட்டி (புதுச்சேரி):
நான் மனநல வார்டில் 26 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவன். இலக்கியம் தெரியாது. ரோமன் ரோலான் நூலகத்தில் எடுத்து, புதுப்பித்துப் புதுப்பித்து இரண்டு மாதம் படித்தேன். கேசியும் கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்தவர்தான். அது எழுத்தில் தெரிகிறது.

மூடுபனி இரண்டும்தாம்மா. விமானத் தளத்தை மறைக்க மெஷின் வைத்துப் புகை போட்டதை ப்ராம்டன் போரில் பார்த்திருக்கிறான். மாத்திரையும் கரண்ட் ஷாக்கும் சேர்ந்தபோது அதே புகை வார்டில் இறங்குகிறது. “தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு சார்” என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவனுக்கு அது ஒளிந்துகொள்ளவும் இடம். மக்மர்ஃபி வெளியே இழுக்கிறானே என்று எரிச்சல்கூடப் படுகிறான்.

பேஸ்பால் மேட்ச் பார்க்க ஓட்டெடுப்பு நடக்கும் இடம் நினைவிருக்கிறதா? 20 கை உயர்கிறது. ப்ராம்டன் தூக்கியது 21ஆவது. கூட்டம் முடிந்துவிட்டது, செல்லாது என்கிறாள் நர்ஸ். அப்புறம் டிவி கரண்டையும் நிறுத்திவிடுகிறாள். அவர்கள் வெறும் திரையைப் பார்த்தபடி நகர மறுக்கிறார்கள்.

2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தது. சாயங்காலம் டிவி போடும் நேரம் வந்ததும் எங்கள் வார்டு ஆட்கள் வரிசையாகப் போய் செத்த டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். எட்டு மணிக்கு “எழுந்திரிங்க” என்றேன், எழுந்து படுக்கைக்குப் போனார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாவலில் இந்த இடம் வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அங்கேயும் அணைந்த டிவிதான், ஆனால் போகச் சொன்னாலும் போகவில்லை.

ஜெயித்தது யார் என்றால், ப்ராம்டன். மக்மர்ஃபி தூக்கப் பார்த்துத் தோற்ற கன்ட்ரோல் பேனலை அவன்தான் கடைசியில் ஜன்னல் வழியே வீசிவிட்டு ஓடுகிறான். 6 அடி 7 அங்குல ஆள், தன்னைக் குள்ளன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். 1975இல் வந்த படத்தில் கதையை அவன் சொல்லவில்லை. கேசிக்கு அதில் வருத்தம்.

கெடிலக்கரை:
நன்றி சார். ஆனால் பெண்களை எழுதியிருக்கும் விதம் எரிச்சலூட்டியது. நர்ஸும், நோயாளி பில்லியின் அம்மாவும் கொடுமைக்காரிகள், விலைமாதர்கள் நல்லவர்கள். கறுப்பின உதவியாளர்களுக்கும் அதே கதிதான். அப்புறம், ப்ராம்டன் ஏன் அத்தனை வருஷம் செவிட்டூமையாக நடித்தான்?

நைட்டியூட்டி:
எரிச்சல் நியாயம்தான். என்கூட வேலை பார்த்த சிஸ்டர்களை நினைத்துக்கொண்டு படித்தால் எனக்கும் கோபம் வந்தது. ஆண்களின் விடுதலைக்குப் பெண்தான் எதிரி என்பதை கேசி யோசிக்காமலே எழுதிவிட்டார்.

நடிப்பை ஆரம்பித்தது தான் இல்லை என்று ப்ராம்டனே சொல்கிறான். சின்ன வயதில் நிலம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள், அவன் பேசியும் காதில் வாங்காமல் அவன் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்கள் வார்டிலும் துடைப்பம் பிடித்துக்கொண்டு திரியும் பெரியவர் ஒருவர் இருந்தார், வாயே திறக்க மாட்டார். அவர் எதிரில் நாங்கள் பேசாத வீட்டுக் கதை இல்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்று என்னிடம் வந்து, “பொண்ணு நகையை அடகுலேர்ந்து மீட்டுட்டீங்களா சார்?” என்றார்.