1755 இங்கிலாந்தில் அட்டர்னி ஆவது எப்படி?

தறிவீடு:
நான் எழுதும் நாவலில், நாரிச் நகரத் துணி வியாபாரியின் 16 வயது மகன் 1755இல் ஓர் அட்டர்னியிடம் (கட்சிக்காரர்களுக்காக வழக்கைத் தயாரிக்கும் வழக்கறிஞர்) தொழில் பழகச் சேர்கிறான். எத்தனை வருடம் இருக்க வேண்டும்? பரீட்சை உண்டா? கடைசியில், திருட்டு வழக்கில் மாட்டிய நண்பனுக்காக அவனே லண்டன் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியில் ஜூரி முன் பேசுகிறான். இது சரிப்படுமா?

ஓலைக்கட்டு:
1729ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம். முதலில் எழுத்து ஒப்பந்தம். அப்பா கொடுக்கும் முன்பணத்தை அதில் மறைக்காமல் எழுத வேண்டும். அதன்மேல் முத்திரைத் தீர்வை உண்டு (50 பவுண்டு வரை, பவுண்டுக்கு 6 பென்ஸ்). பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். ஒப்பந்தம் கையெழுத்தானதற்கு மூன்று மாதத்துக்குள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 1749இல் வந்த விதி. அட்டர்னி, பையன் இருவர் பெயர், ஊர், கையெழுத்திட்ட தேதி எல்லாம் அதில் இருக்கும். அதைக் காட்டாதவனை நீதிமன்றம் சேர்க்காது.

ஒரு அட்டர்னி ஒரே சமயத்தில் இப்படித் தொழில் பழகும் இரண்டு குமாஸ்தாக்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. முதலாளி இடையில் இறந்துவிட்டால் மீதிக் காலத்தை வேறொருவரிடம் முடிக்கலாம். கதைக்கு நல்ல திருப்பம்.

எழுத்துப் பரீட்சை கிடையாது. நீதிபதி தகுதியை விசாரிப்பார், பையன் உறுதிமொழி எடுப்பான், பெயர் பதிவேட்டில் ஏறும்.

சாட்சிக்கூண்டு:
ஓல்டு பெய்லி காட்சியைக் கட்டாயம் மாற்றுங்கள். அங்கே கவுன்சிலாக, அதாவது ஒரு தரப்புக்காக வாதாடும் வழக்கறிஞராக, நிற்பவர் பாரிஸ்டர், அட்டர்னி அல்ல. கைதிக்காக அவராலும் ஜூரியிடம் பேச முடியாது. திருட்டு பெருங்குற்றம், அதில் 1730களிலிருந்துதான் நீதிபதிகள் கைதி தரப்புக் கவுன்சிலை அனுமதிக்கத் தொடங்கினார்கள். குறுக்கு விசாரணை செய்யலாம், சட்டப் பிரச்சினை எழுப்பலாம், அவ்வளவே. நடந்ததைக் கைதியே சொல்லியாக வேண்டும். 1836 வரை இந்த அநியாயம் நீடித்தது. படிப்பறிவில்லாதவன், காய்ச்சல் பரவும் நியூகேட் சிறையிலிருந்து நேரே வந்து தன் உயிருக்காகத் தானே பேசும் நிலையை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் அட்டர்னியின் வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது, நண்பன் படிக்க வேண்டிய வாக்குமூலத்தை எழுதிக் கொடுப்பது, பாரிஸ்டருக்கான வழக்குக் குறிப்பைத் தயாரிப்பது. எனக்கு அதுவே உயிருள்ள காட்சியாகப் படுகிறது. கவுன்சில் ஜூரியிடம் பேசியே ஆக வேண்டுமென்றால் குற்றத்தை மாற்றுங்கள்: ஏமாற்று, அவதூறு போன்ற சிறுகுற்றங்களில் அதற்குத் தடையில்லை.

தறிவீடு:
மிக்க நன்றி. நண்பனையே பேச வைக்கிறேன். பிறகு அட்டர்னி தன் கட்டணத்தை எப்படி வசூலிப்பார்?

ஓலைக்கட்டு:
ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே தொகை போட்டு பில் எழுதுவார். 6 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு, அடிக்கடி வரும் தொகை. பாதி 3 ஷில்லிங் 4 பென்ஸும் நிறைய வரும். கையெழுத்திட்ட பில்லைக் கொடுத்து ஒரு மாதம் கழியாமல் கட்சிக்காரர்மேல் வழக்குப் போட முடியாது. அவரோ பில்லைச் சரிபார்க்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சரிபார்ப்புச் செலவும் அட்டர்னி தலையில். அதனால் அனுபவசாலிகள் பில்லை ரொம்ப ஏற்ற மாட்டார்கள்.

பாரிஸ்டருக்கு அந்த வழியே இல்லை. அவர் வாங்குவது சன்மானம் என்று கணக்கு. வழக்குப் போட்டு வாங்க முடியாது. ஆகவே குறிப்போடு பணத்தையும் அனுப்பிவிடுவது போல எழுதுங்கள்.