பூனை கதவுல மோதுற ஷாட்: அடி ஏன் விழல?

வியாசர்பாடி பசங்களோட கோடை வகுப்புக்கு டாம் அண்ட் ஜெர்ரி பாணியில 8 விநாடி துரத்தல் வரையுறோம். விநாடிக்கு 12 படம், பேப்பர்ல வரைஞ்சு போன்ல எடுக்குறோம். பூனை கதவுல மோதினா சிரிப்பே வரல, மெதுவா போய் ஒட்டிக்குது. எதை மாத்தணும்?

பதில் 1: கதவுக்கிட்ட படங்கள் நெருக்கமா இருக்கும், பாருங்க. இடைவெளி குறைஞ்சா வேகமும் குறையும். கடைசி மூணு படத்துல இடைவெளியைக் கூட்டிட்டே போங்க. தொடுறதுக்கு முந்தின படத்தைத் தூக்கிடுங்க. அடுத்ததே நசுங்கின பூனை. உடம்பு அகலம் பாதியாச்சுன்னா உயரம் அதே அளவுக்கு ஏறணும். ஏறலன்னா நசுங்கினதா தெரியாது, பூனை சின்னதாயிட்ட மாதிரி இருக்கும். அந்தப் படத்தை 4 பிரேம், அதாவது 4 படம் ஓடுற நேரம், நிறுத்துங்க. பார்க்குறவங்க சிரிக்கிறது அந்த நிறுத்தத்துலதான். ஓடுறதுக்கு முன்னாடி பூனை பின்னுக்குச் சாயுற 3 படமும் அவசியம்.

பதில் 2: சத்தத்தை விடாதீங்க. ஒரிஜினல்ல வசனம் ரொம்பக் கம்மி, ஸ்காட் பிராட்லியோட இசைதான் ஒவ்வொரு அடியையும் தாங்குது. டாமோட அலறல், அந்தக் கார்ட்டூனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான வில்லியம் ஹன்னாவோட குரல். தகரத்தைத் தட்டிப் பதிவு பண்ணி, சரியா நசுங்குற பிரேம்ல வைங்க. ரெண்டு பிரேம் தள்ளினாலும் அடி செத்துடும்.

பதில் 3: போன்ல எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்குற வெளிச்ச அளவை) லாக் பண்ணுங்க, இல்லன்னா படம் மினுக்கும். ஜன்னலை மூடி ஒரே டியூப்லைட்ல எடுங்க. பேப்பர் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) போதும், சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல கிடைக்கும். கீழ இருக்குற படம் தெரியணும், அதனால தடிமன் வேண்டாம்.