ஒட்டாவா வீட்டின் பழைய கான்கிரீட் பாதை: மேலே ஒரு படலம் போட்டால் போதுமா, பெயர்த்தெடுக்க வேண்டுமா?

கேள்வி: மஞ்சக்குப்பம்வாசி, கடலூர்

வணக்கம். கட்டுமான அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு யோசனை கேட்க விரும்புகிறேன். என் மகளும் மருமகனும் கனடாவின் ஒட்டாவா நகரில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறார்கள். தெருவிலிருந்து கார் ஷெட் வரை செல்லும் கான்கிரீட் பாதையும் வாசலில் உள்ள மூன்று படிகளும் 1980களில் போடப்பட்டவை என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். பாதையின் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்து, பல இடங்களில் ஜல்லி வெளியே தெரிகிறது. ஷெட்டை ஒட்டிய பகுதி தாழ்ந்துவிட்டதால், பனி உருகும்போது தண்ணீர் வீட்டுச் சுவரை நோக்கி ஓடுகிறது. படிகளும் வீட்டிலிருந்து விலகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன.

இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பழைய தளத்தின் மேலேயே இரண்டு அங்குலத்துக்குப் புதிய கான்கிரீட் போட்டால் போதும் என்றார் ஒருவர். முழுவதையும் பெயர்த்து, அடிமண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லி, ஏறத்தாழ இரு மடங்குத் தொகையைக் கேட்கிறார் மற்றவர். கடலூரில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோ தளத்தில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தபோது, தளர்ந்த பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துலக்கி, பாலிமர் கலவை வைத்துப் பூசினோம். தானே புயலுக்கு அடுத்த ஆண்டு செய்த அந்த வேலை இன்றும் நிற்கிறது. அந்த முறை ஒட்டாவாவில் ஏன் செல்லாது என்பது எனக்கு விளங்கவில்லை. பெயர்த்துப் போடுவதுதான் சரி என்றால், ஒப்பந்தத்தில் எவற்றை எழுதி வாங்க வேண்டும்? அக்டோபர் கடைசியில் வேலையைத் தொடங்கலாம் என்று இரண்டாமவர் சொல்கிறார்; நானும் அப்போது அங்கே இருப்பேன்.

பதில்: நெல்லிக்குப்பத்தான் (தற்போது ஒன்டாரியோ)

ஐயா, வணக்கம். உங்கள் போர்ட்டிகோவில் கெட்டது கம்பி. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை அடைந்ததும் அது துருப்பிடிக்கிறது. துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொண்டு கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. தளர்ந்ததை எடுத்தபின் எஞ்சியிருந்த கான்கிரீட் உறுதியாக இருந்ததால் நீங்கள் வைத்த கலவைக்குப் பிடிமானம் கிடைத்தது. ஒட்டாவாவில் கெட்டுப்போயிருப்பது கான்கிரீட்டே. அதன் நுண்துளைகளில் இருக்கும் நீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது. துளைகள் ஏறத்தாழ 91 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் அந்த விரிவுக்கு இடமில்லை. உள்ளேயே நுண்விரிசல் விழுகிறது. உருகியதும் அந்த விரிசலில் மேலும் நீர் புகுகிறது, இரவில் மறுபடியும் உறைகிறது. பனியை உருக்கத் தெருவில் தூவும் உப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது, ஏனெனில் உப்புநீர் எளிதில் காயாமல் மேற்பரப்பை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். வீட்டுக்காரர் ஒரு பிடி உப்புகூடத் தூவவில்லை என்றாலும், காரின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் உப்புச்சேறு பாதையில்தான் சொட்டும்.

இந்நிலையில் மேலே போடும் இரண்டு அங்குலம், ஏற்கெனவே உளுத்த பரப்பின் மீது ஒட்டுகிறது. விரிசல் வழியே இறங்கும் நீர் இரண்டு அடுக்குகளுக்கும் இடையில் தங்கி உறைந்தால், புதிய அடுக்கு பலகை பலகையாகக் கிளம்பிவிடும். கீழ்த்தளத்தின் விரிசல்களும் அதே இடங்களில் மேலே தலைகாட்டும். இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வாட்டம். தாழ்ந்துபோன தளத்தின் மேல் சம கனத்தில் போட்டால் தண்ணீர் முன்போலவே வீட்டை நோக்கித்தான் ஓடும். வாட்டத்தைத் திருத்துவதற்காக ஷெட் பக்கம் கனத்தைக் கூட்டினால் பாதை ஷெட்டின் தரைமட்டத்தைத் தாண்டிவிடும். எனவே இரண்டாமவர் சொல்வதே சரி.

அடிமண்ணுக்கும் பணம் கேட்கிறார் என்று தயங்க வேண்டாம். ஒட்டாவாப் பகுதியில் லெடா என்று அழைக்கப்படும் கடற்படிவக் களிமண் பரவலாக உண்டு. இத்தகைய நுண்மண் கீழிருந்து நீரை உறிஞ்சிப் பனிவில்லைகளாக உறையச் செய்து தளத்தையே தூக்கும். வசந்தத்தில் உருகியதும் தளம் ஒரே சீராக இறங்காது. அதற்காகவே களிமண்ணை வெட்டியெடுத்து, நீர் வடியக்கூடிய உடைகல்லைக் குறைந்தது 150 மில்லிமீட்டருக்கு, அடுக்கடுக்காக இயந்திரத்தால் இறுக்கி நிரப்புகிறார்கள். தோண்டுவதற்கு முன் நிலத்தடி எரிவாயு, மின் தடங்களை அடையாளமிடச் சொல்லிக் கேட்பது ஒன்டாரியோவில் சட்டப்படி கட்டாயம்.

இனி எழுதி வாங்க வேண்டியவை. கனடாவின் தரக்கோட்பாடான சி.எஸ்.ஏ. ஏ23.1, உறைபனியும் உப்பும் படும் இத்தகைய பாதைகளை சி-2 என்ற வகுப்பில் வைக்கிறது. அதன்படி நீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது, அமுக்க வலிமை 32 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது, வழக்கமான அளவு ஜல்லிக்குக் காற்றளவு (கலவைக்குள் வேண்டுமென்றே உண்டாக்கும் நுண்குமிழ்களின் பங்கு) 5 முதல் 8 சதவீதம் வரை இருக்க வேண்டும். ரெடிமிக்ஸ் வண்டியுடன் வரும் சீட்டில் இவை குறிக்கப்பட்டிருக்கும். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தளத்தின் கனம் 125 மில்லிமீட்டர், வீட்டிலிருந்து வெளிப்புறமாக 2 சதவீத வாட்டம், விரிசல் அந்தக் கோட்டிலேயே விழும்படி சுமார் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, வெட்டின் ஆழம் கனத்தில் கால்பங்கு, வீட்டுச் சுவரை ஒட்டிய இடத்தில் தனித்துப் பிரிக்கும் இடைப்பலகை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வெட்டுகளைக் கான்கிரீட் போட்ட மறுநாளுக்குள் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் தளம் தனக்குப் பிடித்த இடத்தில் விரிசல் விடும்.

ஆனால் நல்ல சரக்கு வந்தும் பாதை கெட்டுப்போவதை நான் அதிகம் பார்த்திருப்பது கடைசி இரண்டு மணி நேரத்தில்தான். கலவை இறுகலாக இருக்கிறது என்று வண்டியில் குழாயைத் திறந்து தண்ணீர் விடுவார்கள். அந்த நொடியில் 0.45 என்ற கணக்கு போய்விடும். போட்ட கான்கிரீட்டின் மேல் கசிந்து நிற்கும் நீர் வற்றுவதற்குள் தேய்க்கத் தொடங்குவார்கள். அந்த நீர் மேல்தோலிலேயே சிறைப்பட்டு, முதல் குளிர்காலத்திலேயே தோல் உரியும். இரும்புக் கரண்டியால் கண்ணாடிபோல் வழவழப்பாக்குவதையும் அனுமதிக்கக் கூடாது. மரத்தேய்ப்பு, பிறகு துடைப்பத்தால் வரி இழுத்தல், இவ்வளவே வெளிப்புறத் தளத்துக்குத் தேவை. அதன்பின் 10 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் குறைந்தது 7 நாள் ஈரம் காக்கப்பட வேண்டும்.

பதில்: முத்தியால்பேட்டை பொறியாளர், புதுச்சேரி

மேலே நண்பர் சொன்ன காற்றளவைப் பற்றிச் சில சொற்கள், ஏனெனில் நம் ஊர்க் கண்ணுக்கு அது வினோதமாகப் படும். வைப்ரேட்டர் போட்டுக் காற்றை விரட்டு என்றே நாம் மேஸ்திரிகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். நாம் விரட்டுவது ஒழுங்கற்ற பெரிய குமிழ்களை. அங்கே வேதிப்பொருள் சேர்த்து உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள். அவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்குள் அமைந்திருந்தால், உறையும் நீர் வழியும் உபரிக் குளம்போல் அருகிலுள்ள குமிழுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், சிமென்ட் அரைக்கும்போது விலங்குக் கொழுப்பு கலந்திருந்த சில சாலைகள் மட்டும் பனிக்குத் தாங்குவதைக் கவனித்ததிலிருந்தே இந்த முறை வளர்ந்தது. இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு சதவீதக் காற்றுக்கும் அமுக்க வலிமையில் ஏறத்தாழ 5 சதவீதம் குறையும். அதை ஈடுசெய்யவே நீரைக் குறைத்துச் சிமென்டைக் கூட்டுகிறார்கள்.

நம் இந்தியக் கான்கிரீட் தரக்கோட்பாடான ஐ.எஸ். 456:2000, கடற்கரைச் சூழலில் உள்ள கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம் 30 தரமும் (30 மெகாபாஸ்கல் வலிமை) 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. நீர்-சிமென்ட் விகிதம் மட்டும் இங்கும் அதே 0.45. தேவனாம்பட்டினத்தில் உப்பைத் தடுப்பதும் ஒட்டாவாவில் உறைபனியைத் தாங்குவதும் வேறுவேறு வேலைகள் என்றாலும், நீர் புகும் துளைகளைக் குறைப்பது இரண்டுக்கும் பொது. நம் வீட்டுத் தளங்களுக்கு அந்தக் காற்றுச் சேர்மானம் தேவையில்லை. இங்கே உறைவதற்கு ஒன்றுமில்லை.

ஐயாவுக்கு இன்னொரு குறிப்பு. கம்பி இல்லாமல் கான்கிரீட் போடுகிறார்களே என்று அங்கே சண்டைக்குப் போக வேண்டாம். மண் மேல் அமர்ந்த தளத்துக்கு வலிமை தருவது கீழேயுள்ள உடைகல் படுகை. விரிசலைக் கட்டுப்படுத்துவது வெட்டுகள். கம்பி போட்டால் விரிசல் அகலாமல் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் உப்பு இறங்கும் தளத்தில் அதைத் தரைமேல் கிடத்திவிட்டுக் கான்கிரீட்டை ஊற்றுவதால் பயனில்லை. போடுவதானால் கவர் பிளாக் வைத்து நடுக்கனத்தில் நிறுத்த வேண்டும். கம்பி இருக்கும் கலவையில் விரைவாக இறுகுவதற்காகக் கால்சியம் குளோரைடு சேர்க்கக் கூடாது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பதில்: லாஸ்பேட்டை சேகரன்

நான் மாறுபடுகிறேன். பெயர்த்தெடுப்பது என்று முடிவாகிவிட்டால் மீண்டும் கான்கிரீட்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது? உறைபனி தாங்கும் தரத்தில் செய்த பேவர் பிளாக் அங்கே கிடைக்கிறது. மண் கொஞ்சம் அசைந்தாலும் கற்கள் தனித்தனியாக நெகிழ்ந்துகொடுக்கும்; ஓர் இடம் தாழ்ந்தால் அங்குள்ள கற்களை மட்டும் எடுத்து, படுகையைச் சரிசெய்து, அதே கற்களைத் திரும்ப அடுக்கலாம். கான்கிரீட்டில் ஒரு பலகை கெட்டால் அந்த ஒட்டு ஆயுள் முழுவதும் நிறம் மாறித் தெரியும். படுகைக்கு ஆகும் செலவு மட்டும் இதற்கும் உண்டு. அதில் கை வைத்தால் எதைப் போட்டாலும் வீண்.

மஞ்சக்குப்பம்வாசி:

மூவருக்கும் நன்றி. மேலே படலம் போடும் யோசனையைக் கைவிடச் சொல்லிவிட்டேன். பேவர் பிளாக் பற்றி மருமகனிடம் பேசினேன். பனி தள்ளும் இயந்திரத்தின் அலகு கல் விளிம்பில் மாட்டுமோ என்று அவர் தயங்குகிறார், ஆகவே கான்கிரீட்டே போடுவதாக இருக்கிறார்கள். அக்டோபர் கடைசி பற்றியும் படிகள் பற்றியும் யாரும் சொல்லவில்லையே.

பதில்: நெல்லிக்குப்பத்தான்

ஐயா, அக்டோபர் கடைசி வேண்டாம். அங்கே அப்போது இரவில் உறைநிலையைத் தொடத் தொடங்கிவிடும். வெப்பம் 5 பாகைக்குக் கீழே போகக்கூடிய நாட்களில் போடுவதானால் சுடுநீரில் கலந்து, வெப்பக்காப்புப் போர்வை போர்த்தி முதல் உறைவிலிருந்து காக்க முடியும். ஆனால் முதல் உறைவுக்குத் தப்பிப்பதும் ஒரு முழுக் குளிர்காலத்தை உப்போடு எதிர்கொள்வதும் ஒன்றல்ல. ஈரம் காத்தபின் ஏறத்தாழ ஒரு மாதம் காற்றில் காய்ந்த கான்கிரீட்டே உப்பைத் தாங்கும். நவம்பரில் அதற்கு வாய்ப்பில்லை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். ஒப்பந்தக்காரருக்கு அக்டோபரில் ஆள் சும்மா இருக்கலாம், அது அவருடைய கணக்கு.

படிகள் சாய்ந்ததற்குப் பெரும்பாலும் அவற்றின் அஸ்திவாரம் உறைமட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டதுதான் காரணம். அங்கே மண் 1.5 மீட்டருக்கும் கீழேவரை உறையலாம் என்று வைத்துத்தான் அஸ்திவாரம் போடுகிறார்கள். எனவே படிகளுக்குப் பாதையோடு சேர்த்து விலை சொல்ல விடாமல், அஸ்திவார ஆழத்தைக் குறித்துத் தனியாக விலை வாங்குங்கள். அவற்றைப் பாதைத் தளத்தோடு இணைத்து ஊற்றவும் கூடாது. இரண்டும் வேறுவேறு அளவில் அசையும்.

வரும் குளிர்காலத்தைப் பழைய பாதையோடு ஓட்ட வேண்டியிருப்பதால், கூரைநீர்க் குழாயின் வாயை அந்தத் தாழ்ந்த இடத்திலிருந்து விலக்கித் தோட்டத்தின் பக்கம் திருப்பி, சுவருக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை நெகிழும் சீலண்டால் அடைக்கச் சொல்லுங்கள். வழுக்காமலிருக்க மணல் போதும். உர மூட்டையிலிருந்து அம்மோனியம் நைட்ரேட்டோ அம்மோனியம் சல்பேட்டோ எடுத்துத் தூவினால் பனி உருகும், ஆனால் அவை கான்கிரீட்டையே வேதியியல் முறையில் அரிக்கும். இந்த எச்சரிக்கை அடுத்த ஆண்டு போடும் புதிய பாதைக்கும் பொருந்தும். அதற்கு முதல் குளிர்காலம் முழுவதும் உப்பே கூடாது, காய்ந்தபின் சிலேன் வகை ஊடுருவும் காப்புநீர்மம் ஒருமுறை அடித்துவிடலாம்.