மூன்று மாதம் நின்ற ஸ்கூட்டர்: பேட்டரிக்கு வீட்டிலேயே சார்ஜ் போடலாமா?

தஞ்சாவூர்க்காரி:

அப்பாவின் ஸ்கூட்டர், 110 சிசி, பிஎஸ்4, கிக்கர் உள்ளது. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா மூன்று மாதம் தங்கை வீட்டில் இருந்தார், வண்டி கவர் போட்டபடி போர்டிகோவிலேயே நின்றுவிட்டது. போன வாரம் செல்ஃப் அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஹார்ன் முனகுகிறது. ஏழெட்டு உதை உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் அப்பா இனி கிக்கரைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே செல்ஃப் வேலை செய்தே ஆக வேண்டும்.

மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் "பேட்டரி போச்சும்மா, புதுசு போட்டுடலாம்" என்றார். மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, 12 வோல்ட் 4 ஆம்பியர்-ஹவர் (Ah), தண்ணீர் ஊற்றாத சீல் பேட்டரி. தம்பியின் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 11.3 காட்டியது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் கார் பேட்டரி சார்ஜர் இருக்கிறது, இரவு போட்டுவிட்டுக் காலையில் எடுத்துக்கொள் என்கிறார். போடலாமா? தினமும் பத்து நிமிடம் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்தால் தானாக ஏறிவிடாதா?

கோவை வயரிங்:

வேண்டாம் அம்மா, அந்தக் கார் சார்ஜரை மட்டும் தொடாதீர்கள். கார் பேட்டரி 35, 45 ஆம்பியர்-ஹவர் இருக்கும், அதற்கான சார்ஜர் நாலைந்து ஆம்பியர் தள்ளும். உங்களுடையது 4. பேட்டரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில்தான் நிதானமாக ஏற்ற வேண்டும், அதாவது 0.4 ஆம்பியர். பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கும்.

11.3 என்றால் அடியோடு இறங்கிவிட்டது என்று அர்த்தம், ஆனால் செத்துவிட்டது என்று இப்போதே சொல்ல முடியாது. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். முழுதாக ஏறி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.7, 12.8 காட்டும், 12.4 என்றால் முக்கால்வாசி, 12-க்குக் கீழே போனால் காலி. சார்ஜ் போட்டு ஒரு நாள் விட்டுப் பார்த்தும் 10.5 பக்கமே நிற்கிறது என்றால் ஒரு செல் போய்விட்டது, அதற்கு மேல் போராட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இறங்கிய நிலையில் கிடப்பதுதான் இந்த பேட்டரிகளுக்கு எமன். ஈயத் தகட்டின் மேல் சல்ஃபேட் படிந்து நாளாக ஆக இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. அதனால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். 12 வோல்ட் சீல் பேட்டரிக்கென்று ஒரு ஆம்பியருக்குள் உள்ள ஆட்டோமேட்டிக் சார்ஜர் கிடைக்கும், 14.4 வாக்கில் தானே நிறுத்திக்கொள்ளும். அது ஒன்று வாங்குங்கள்.

பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவது பெட்ரோலுக்குக் கேடு. செல்ஃப் ஒரு முறை இழுப்பதைத் திருப்பித் தரவே ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும், இவ்வளவு இறங்கிய பேட்டரி அதில் நிரம்பாது.

அம்பத்தூர் 125:

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஊரடங்கு சமயத்தில் நான் செய்த தவறு இதுவேதான். கார் சார்ஜரில் இரவு முழுக்க போட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் பேட்டரியின் இரண்டு பக்கமும் இட்லி மாதிரி உப்பி, கையை வைக்க முடியாத சூடு, அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். உடனே சுவிட்சை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். அதிகமாக ஏறினால் ஹைட்ரஜனும் வரும், ஒரு பொறி போதும். அதனால் சமையலறையிலோ விளக்கு எரியும் பூஜை அறையிலோ வைக்காதீர்கள், பால்கனி நல்லது. தூங்கப் போகும் முன் போடாதீர்கள், காலையில் போட்டு மணிக்கொரு முறை தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, சுட்டால் நிறுத்திவிடுங்கள்.

கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், சிவப்பு பிறகு. மாட்டும்போது சிவப்பு முதலில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட். சார்ஜரிலும் கிளிப்பை மாட்டிவிட்டுத்தான் சுவிட்ச், சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிளிப்பைக் கழற்ற வேண்டும்.

தஞ்சாவூர்க்காரி:

ரொம்ப நன்றி. இன்று கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தேன். சிவப்பு டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது, போல்ட் விரலால் திருகினாலே சுற்றுகிறது. இதுதான் காரணமோ?

கோவை வயரிங்:

இதுவும் ஒரு காரணம். பேட்டரியை வெளியே எடுத்து, வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள், நுரைத்து அடங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பொடி கண்ணில் படக்கூடாது. நன்றாகத் துடைத்துக் காயவைத்து, வயர் மாட்டி போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே மெல்லிதாக வாஸ்லின் தடவுங்கள். இறுக்கும் முன் தடவாதீர்கள், உலோகமும் உலோகமும் நேராகத் தொட வேண்டும். சீல் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது மூடி திறக்கும் பழைய ஆசிட் பேட்டரிக்கு, அதற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

தஞ்சாவூர்க்காரி:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். 0.6 ஆம்பியர் சார்ஜர் வாங்கினேன். காலை எட்டு மணிக்குப் போட்டது, மாலை ஆறு மணி வாக்கில் பச்சை விளக்கு வந்தது, தொட்டால் லேசான வெதுவெதுப்பு. எடுத்தவுடன் 13.1, எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலை 12.6. மாட்டி செல்ஃப் அழுத்தினேன், ஒரே அழுத்தில் ஸ்டார்ட்! அழுத்தும்போது மீட்டர் 10.3 வரை இறங்கி ஏறியது. அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார்.

கோவை வயரிங்:

எடுத்தவுடன் காட்டுவது மேலோட்டமான சார்ஜ், ஒரு இரவு கழித்துக் காட்டுவதுதான் நிஜம். 12.6 நல்ல செய்தி. அழுத்தும்போது 9.6-க்குக் கீழே போகவில்லை, அதுவும் நல்லது. இன்னும் ஒன்றே ஒன்று பாருங்கள்: வண்டி ஓடும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி டெர்மினலில் மீட்டர் வையுங்கள், 13.5-இலிருந்து 14.5-க்குள் வர வேண்டும். 12.6-ஐத் தாண்டவே இல்லை என்றால் ரெக்டிஃபையரையோ (பேட்டரிக்குப் போகும் கரண்டை மாற்றிக் கட்டுப்படுத்தும் பாகம்) காயிலையோ (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் பாகம்) பார்க்க வேண்டும், 15-ஐத் தாண்டினாலும் ரெக்டிஃபையர் கோளாறுதான், புது பேட்டரி போட்டிருந்தால் அதையும் சேர்த்துக் கெடுத்திருக்கும்.

தஞ்சாவூர்க்காரி:

இப்போதுதான் பார்த்தேன், 14.1. அப்பா மறுபடி தங்கை வீட்டுக்குப் போனால் கறுப்பு வயரைக் கழற்றி வைத்துவிட்டு, மாதம் ஒரு முறை சார்ஜரில் போடுகிறேன்.