கதிருணர்கோல்: 'துருவி' ஏன் வேண்டாம்

ஐயா, அறுவை மருத்துவர் கையில் பிடித்துத் தேடும் radiation probe என்ற கருவிக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன 'கதிர்வீச்சுத் துருவி'யை இரண்டு நாளாக வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன். விண்வெளிக்குப் போகும் கலத்துக்கு அது பொருந்தலாம், துருவித் துருவிக் கேட்கும் வக்கீலுக்கும் பொருந்தலாம். ஆனால் மார்பில் கட்டியோடு படுத்திருக்கும் ஓர் அம்மாவிடம் "நாளைக்கு உங்கள் அக்குளில் துருவி வைத்துப் பார்ப்போம்" என்றால் அவருக்கு நினைவு வருவது தேங்காய்த் துருவிதான்.

அணு மருத்துவப் பிரிவில் பல வருடம் இந்தக் கருவியோடு ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயர் வைக்கும் முன் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பேனா டார்ச்சைவிடக் கொஞ்சம் தடிமன். நுனியில் காமா கதிரை உணரும் ஒரு படிகம், அதைச் சுற்றி டங்ஸ்டன் போன்ற கனமான உலோக உறை, பின்னால் ஒரு வயர், வயரின் முனையில் எண்ணிக்கை காட்டும் பெட்டி. பெட்டி சத்தமும் போடும். மருத்துவர் பெரும்பாலும் திரையைப் பார்ப்பதில்லை, காதால்தான் தேடுவார்.

மார்பகப் புற்றில் முந்தின நாளோ அன்று காலையோ காமா கதிர் வீசும் டெக்னீசியம்-99எம் சேர்த்த கூழ்மத்தை (நுண்துகள்கள் மிதக்கும் திரவத்தை) மார்பில் ஊசியாகப் போடுவார்கள். அதன் அரை ஆயுள், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரம்தான். அது நிணநீரோடு ஊர்ந்து, வழியில் முதலில் எதிர்ப்படும் நிணநீர்க் கணுவில் தங்கிவிடும். புற்று பரவியிருந்தால் முதலில் அங்கே போயிருக்கலாம் என்பதால்தான் அந்தக் கணுவைத் தேடுகிறோம். தியேட்டரில் கோலை அக்குளுக்குக் கொண்டுபோனால் முதலில் ஊசி போட்ட இடமே பெருங்கூச்சல் போடும், அதனால் நுனியை அந்தப் பக்கம் பார்க்காமல் திருப்பிப் பிடிக்க வேண்டும். மெதுவாக நகர்த்தும்போது டிக்... டிக்... என்றிருந்தது ஓரிடத்தில் கிர்ரென்று நீளும். அங்கே சின்னக் கீறல். எடுத்த கணுவைத் தனியே பிடித்து 10 நொடி எண்ணுவோம், அப்புறம் குழிக்குள் மறுபடி ஒருமுறை. அங்கே மிச்சம் எடுத்ததன் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் தையல் போட்டுவிடலாம்.

இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, கோல் கதிரை வீசுவதில்லை, வாங்குகிறது. 'கதிர்க்கோல்' என்று இன்னொரு நண்பர் சுருக்கியது அழகுதான், ஆனால் நம் ஊரில் கதிர் சிகிச்சைக்கு மக்கள் வைத்த பெயர் 'கரண்ட் வைப்பது'. ஒரு பாட்டி இந்தக் கோலைப் பார்த்துவிட்டு "இதாலயா கரண்ட் வைப்பீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பயத்தை நம் சொல்லே கிளப்பக் கூடாது.

இரண்டாவது, இது புற்றைக் காட்டாது, மருந்து தங்கிய இடத்தைத்தான் காட்டும். கிர்ரென்று கத்திய கணுவில் புற்று இல்லாமலே இருக்கலாம். இருக்கிறதா என்று சொல்வது நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் மருத்துவர். ஆகவே 'கட்டிகாட்டி' என்ற பெயரும் வேண்டாம், எதுகைக்காகப் பொய் சொல்ல முடியாது.

'சலாகை' பழைய சொல், புண்ணுக்குள் விட்டுப் பார்க்கும் கம்பி. எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு, ஆனால் இது குத்தாமல் தோலுக்கு வெளியிலிருந்தே வேலையைத் தொடங்குகிறது.

என் பரிந்துரை 'கதிருணர்கோல்'. எழுதுகோல் போல இதுவும் வினைத்தொகை, எனவே 'உணர்க்கோல்' என்று ஒற்றுப் போட்டுவிடாதீர்கள். 'உணரி' போதாதா என்று கேட்பீர்கள். உணரி நுனியில் இருக்கும் படிகம் மட்டும், மருத்துவர் கையில் பிடிப்பது கோல். தேவைப்பட்டால் காமா உணர்கோல், பீட்டா உணர்கோல் என்று பிரித்துக்கொள்ளலாம். 1949-இல் அமெரிக்காவில் செல்வர்ஸ்டோன், ஸ்வீட் என்ற மருத்துவர்கள் மூளைக் கட்டியைத் தேடப் பயன்படுத்தியது இரண்டாம் வகை, பீட்டா கதிர் வீசும் பாஸ்பரஸ்-32-ஐ நோயாளிக்கு ஏற்றிவிட்டு. பீட்டா திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் கடக்கும், அதனால் கோலைக் கிட்டத்தட்ட கட்டியின்மேலேயே வைத்தாக வேண்டும். மார்பகப் புற்றில் கணுவைத் தேட காமா வகையைக் கொண்டுவந்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் டேவிட் க்ராக், 1993-இல். (காமா என்றதும் 'காமாசோமா வேலையா' என்று கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு, விடுங்கள்.)

முதலில் எதிர்ப்படும் அந்தக் கணுவுக்குச் சொல்லப்படும் 'காவல் கணு' (sentinel node) பற்றி: அது எதையும் காப்பதில்லை, முதலில் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. 'முதற்கணு' போதும்.

எனக்குப் பிடிபடாதது அந்த டங்ஸ்டன் உறை. இயற்பியல் நூல்களில் 'இணையாக்கி' (collimator) என்பார்கள், ஆனால் இது எதையும் இணையாக்குவதில்லை, ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதுபோல் பக்கவாட்டில் வருவதைத் தடுக்கிறது. 'பக்கமறை' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. வேறு தோன்றினால் சொல்லுங்கள்.